கிஃப்ற் என்ற சொல்லின் அகதி வழக்கு

எனக்குப் பிரெஞ்சு தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கஜந்திக்கு நடந்த அநியாயம் முழுவதற்கும் அதுதான் காரணம். பிரெஞ்சு தெரியாதவனாக இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அவளும் ஏணி வைத்து ஏறி நான்கு எழுத்தைக் கழற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பாள்.

மொன்றியலில், சென் மிஷேல் பக்கம் எனக்கு ஒரு சின்னக் கந்தோர் இருக்கிறது. திருகோணமலைக் கிறகரி என்றால் எங்கள் சனத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். இருபது வருடம் அகதி விசாரணைகளில் மொழிபெயர்த்தவன். இப்போது படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். பக்கத்துக் கடைதான் கஜந்தியுடையது. கலியாணவீட்டுக்கோ, பெண்பிள்ளை வயசுக்கு வந்த சாமத்தியவீட்டுக்கோ வந்தவர்களின் கையில் கொடுத்து அனுப்புகிற சின்னச் சாமான்களெல்லாம் அங்கே கிடைக்கும். குங்குமச் சிமிழ், குட்டிக் குத்துவிளக்கு, கண்ணாடியில் செய்த பிள்ளையார், இனிப்புப் போட்டுக் கட்டிய பெட்டி. கடைக்கு மேலே ஆங்கில எழுத்தில், பரிசுச் சாமான் கடை என்பதற்காக, 'கஜந்தி கிஃப்ற்' என்று சிவப்பு வெளிச்சப் பலகை.

அந்தப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. கஜந்தி விவாகரத்து எடுத்தவள். அதற்குப் பிறகு ஆறு வருடம் உடுப்புத் தொழிற்சாலையில் மெஷினில் இருந்து தைத்துத்தான் இந்தக் கடையைத் தொடங்கினாள். பலகை முதன்முதலாக எரிந்த அன்று குளிருக்குள் வீதியின் மற்றப் பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தேத்தண்ணியோடு போய்க் கூப்பிட்டேன், வரவில்லை. 'என்ர பேரை இவ்வளவு பெரிசா நான் கண்டதில்லை அண்ணை' என்றாள். தேத்தண்ணி ஆறும்வரை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பங்குனி மாதம் கடிதம் வந்தது. அனுப்பியது சொல் பூர்வீக ஆணையம். மொன்றியலில் பிரெஞ்சுதான் சட்டம், கடைப் பலகையில் ஆங்கிலம் ஆகாது என்பது தெரியும். ஆனால் அப்படி ஓர் ஆணையம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஊரில் நாய் பிடிக்கக்கூட ஒரு பகுதி இருக்கும்போது சொல் பிடிக்க ஒன்று இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடிதத்தின் சாரம் இது: பலகையிலுள்ள இரண்டாவது சொல் ஆங்கிலம் என்று சந்தேகிக்கப்படுகிறது. ஆங்கிலம் என்றால் அகற்ற வேண்டும். வேறு மொழி என்றால் அதன் பூர்வீகத்தை நிரூபித்து, அதன் பொருளைப் பிரெஞ்சில் பக்கத்தில் இரண்டு மடங்கு பெரிதாக எழுத வேண்டும். வைகாசி முடிவதற்குள் தீர்வு இல்லையென்றால் கடை அனுமதி புதுப்பிக்கப்படாது. அதுவரைக்கும் பலகையை வெளிச்சம் ஊடுருவாத பொருளால் மூடிவைக்கவும்.

கஜந்தி கறுப்புக் குப்பைப் பையால் மூடினாள். அடுத்த இரண்டு நாளும் ஆட்கள் வந்து, யார் செத்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

'கிஃப்ற்றைக் கடோ எண்டு பிரெஞ்சிலயே மாத்தி எழுதிவிடுவம் அண்ணை. எனக்கு என்ர பேர் இருந்தாக் காணும்' என்று அவள் சொன்னாள். புத்தியுள்ள பேச்சு. நான் விட்டேனா? என்னுடைய மூளை அப்போது வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சனத்துக்கு உலகத்தில் எந்த மொழியில் சந்தேகம் வந்தாலும் அந்த நாட்டில் ஒரு மச்சான் இருப்பான். ஒஸ்லோவில் எனக்கு அம்புறோஸ் இருந்தான். நோர்வே மொழியில் கிஃப்ற் என்று எழுதுகிற சொல் இருக்கிறதா என்று கேட்டு வட்ஸப் அனுப்பினேன். 'இருக்கு. ஒவ்வொரு நாளும் பாவிக்கிறம்' என்று பெருவிரல் படத்தோடு பதில் வந்தது.

என்ன பொருள் என்று கேட்கத் தோன்றவில்லை. கிஃப்ற் என்றால் கிஃப்ற்தானே. படிவத்தில் 'மொழி: நோர்வேஜியன்' என்று அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன்.

ஆணையத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்தே நாளில் மதாம் த்ரூவான் என்ற பரிசோதகர் நேரில் வந்துவிட்டார். கையில் தடித்த கோப்பு, முகத்தில் நல்ல மரியாதை. பலகைச் சொல் ஆங்கிலம் அல்ல என்று ஆணையம் பூர்வாங்கமாக ஏற்றுக்கொள்கிறது என்றார். நான் கஜந்தியைப் பார்த்துக் கண்ணடித்தேன். இனி ஒரேயொரு சின்ன விஷயம்தான் என்றார் மதாம். நோர்வேயில் ஒருவருடைய பெயருக்குப் பக்கத்தில் இந்தச் சொல் வந்தால் அவர் கலியாணம் கட்டியவர் என்று அர்த்தம். ஆகவே 'கஜந்தி கிஃப்ற்' என்ற பலகை 'கஜந்தி கலியாணமானவள்' என்று பொதுமக்களுக்கு அறிவிக்கிறது. பொதுமக்களுக்கு அறிவிக்கும் எதுவும் உண்மையாக இருக்க வேண்டும். தயவுசெய்து விவாகப் பத்திரம்.

நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை கஜந்தி கையிலிருந்த பெட்டிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து விவாகரத்துப் பத்திரத்தை எடுத்து வைத்தாள்.

மதாம் அதை இரண்டு தரம் வாசித்தார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பத்திரத்துக்காக அல்ல, பலகைக்காக. அப்படியானால் பலகை பொய் சொல்கிறது. பொய்யை அகற்ற வேண்டும், அல்லது அறுபது நாளுக்குள் உண்மையாக்க வேண்டும். இரண்டில் எது இலகுவோ அதைச் செய்யலாம், ஆணையம் தலையிடாது. அறுபது நாள் காணாவிட்டால் நீடிப்புக் கேட்பதற்குத் தனிப் படிவம் உண்டு, மாப்பிள்ளையும் கையெழுத்து வைக்க வேண்டும்.

அன்று பின்னேரம் அம்புறோஸுக்குத் தொலைபேசி எடுத்து வாயில் வந்தபடி ஏசினேன். அவன் சிரித்தான். 'அண்ணை, அதே எழுத்துக்கு இன்னொரு கருத்தும் இருக்கு. நஞ்சு. சுவீடன்காரனுக்கும் டென்மார்க்காரனுக்கும் இப்பிடித்தான். இஞ்ச நடக்கிற ஒவ்வொரு தமிழ்க் கலியாணத்திலயும் யாராவது ஒராள் எழும்பி இந்தப் பகிடியைச் சொல்லும். இனி உங்களுக்கு இதையும் சொல்லித் தரவேணுமோ?'

நான் தோற்கிற ஆள் இல்லை. அகதி வழக்கிலேயே கோரிக்கையைத் திருத்தி எழுத இடமிருக்கிறது, சொல் வழக்கில் இல்லாமல் போகுமா? ஜெர்மனியில் கலியாணத்துக்கு வேறு சொல் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனவே மொழியை ஜெர்மன் என்று மாற்றினேன். ஜெர்மனியில் இதே எழுத்துக்கு நஞ்சைத் தவிர வேறு பொருளே இல்லை என்பது அடுத்த செவ்வாய்க்கிழமை வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்ட இரண்டு பேர் கடைக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது.

வந்தவர்கள் பொறுமைசாலிகள். கண்ணாடிப் பிள்ளையாரைச் சுரண்டிப் பார்த்தார்கள். பன்னீர்ச் செம்பை முகர்ந்து பார்த்து எழுதினார்கள். கலியாண இனிப்பில் ஒன்றை வெட்டிக் குப்பியில் போட்டார்கள், மற்றதைச் சாப்பிட்டார்கள். குங்குமச் சிமிழைத் திறந்ததும் இருவரும் ஓரடி பின்னால் போனார்கள். இந்தச் சிவப்புத் தூளை எங்கே பாவிப்பது என்று கேட்டார்கள். நெற்றியில் என்றாள் கஜந்தி. யார் என்றார்கள்.

'கலியாணம் கட்டின பொம்பிளைகள்' என்றாள் அவள்.

முகமூடிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவர்களுடைய உத்தியோக வாழ்க்கையில் அப்படியொரு தருணம் வந்திருக்காது. நஞ்சுக் கோப்பும் விவாகக் கோப்பும் அங்கேயே, எங்கள் கண் முன்னால், ஒரே நூலால் கட்டப்பட்டன. நூற்றிருபது குங்குமச் சிமிழ்களும் முத்திரை வைக்கப்பட்டு மேசைக்குக் கீழே போயின. வைகாசி இரண்டாம் கிழமை டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நடக்கவிருந்த கலியாணத்துக்காக அவள் செய்து வைத்த சாமான்கள் அவை.

இடையில் ஒல்லாந்தையும் ஒரு கை பார்த்தேன். ஒல்லாந்தில் இந்தச் சொல்லுக்கு நன்கொடை என்று பொருள். அழகான, பழுதில்லாத பொருள் என்று நினைத்தேன். அடுத்த கிழமையே தர்மப் பிரிவிலிருந்து ஓர் ஐயா வந்தார். நன்கொடை நிலையம் என்று பலகை போட்டுவிட்டுச் சாமான் விற்பது ஏன் என்று கேட்டார். கஜந்தி விரலால் என்னைக் காட்டினாள். என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

பலகை மூடியிருந்ததால் புதிதாக ஆட்கள் வருவது நின்றது. பழைய ஆட்களும் அதிகாரிகள் வந்து போவதைக் கண்டு வேறு இடம் பார்த்தார்கள். வைகாசியில் தொடங்கி ஆவணிவரை ஓடுகிற கலியாணக் காலம்தான் அந்தக் கடைக்கு மூச்சு. ஒருநாள் அவள் என் கந்தோருக்கு வந்து கதிரையில் இருந்தாள். 'அண்ணை, நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள். ஆனால் கடை போனால் நான் திரும்ப மெஷினுக்குப் போகவேணும். எனக்கு நாற்பத்திமூண்டு வயசு' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். என்னுடைய பிரெஞ்சை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

இறுதி விசாரணை வைகாசி முப்பதாம் தேதி. கஜந்தியின் மொழிபெயர்ப்பாளனாக நான் போனேன். உள்ளே கால் வைத்ததும் எனக்குப் பழைய வேலை நினைவுக்கு வந்துவிட்டது. அதே நீள மேசை, அதே தண்ணீர்க் குவளை, தலைக்கு மேலே அதே கொடி. கேள்விகளும் அவைதான். வித்தியாசம் ஒன்று, அகதி நாற்காலியில் இந்தமுறை இருந்தது ஒரு சொல். அட்டையில் எழுதி, விழாமல் இருக்கப் பின்னால் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

தலைவர் மெசியே போர்டுலோ எழுந்து வரவேற்புரை ஆற்றினார்.

'இந்த ஆணையம் சென்ற ஆண்டில் முந்நூற்றுப் பத்துச் சொற்களை விசாரித்தது. ஒன்றைக்கூட அவசரப்பட்டுத் தீர்க்கவில்லை. நாற்பது சொற்கள் விசாரணை முடியுமுன்பே வழக்கிலிருந்து மறைந்துபோயின. அவற்றை வெற்றிகளாகக் கணக்கில் சேர்த்திருக்கிறோம். சிலர் கேட்கிறார்கள், ஒரு சொல் எல்லோருக்கும் விளங்கினால் போதாதா என்று. விளங்குவதுதான் பிரச்சினை. விளங்காத சொல்லால் எங்கள் மொழிக்கு ஒருபோதும் ஆபத்து வந்ததில்லை. இந்த ஆணையத்தின் அறிக்கைகளே அதற்குச் சாட்சி.'

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கடை அனுமதி அவருடைய கையில் இருந்தது.

அடுத்து நிபுணர், பேராசிரியர் குலோம்ப். மெலிந்த மனிதர். முப்பது வருடமாக இந்த ஒரு சொல்லையே ஆராய்வதாகச் சொன்னார்கள். அவருக்கு வேறு ஒரு சொல் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருப்பார் என்று நான் யோசித்தேன்.

சொல் எந்த நாட்டில் பிறந்தது என்று தலைவர் கேட்டார். கொடுப்பது என்ற பொருளுள்ள ஒரு பழைய வேரிலிருந்து பிறந்தது, அப்போது நாடுகள் இருக்கவில்லை என்றார் பேராசிரியர். ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது என்று தலைவர் கேட்டார். பேராசிரியர் விளக்கினார்: ஆங்கிலேயரிடம் முன்பு ஒரு சொந்தச் சொல் இருந்தது, அதன் முதல் எழுத்து யகரமாக ஒலித்தது, பெண்ணுக்காக மாப்பிள்ளை கொடுத்த விலைக்கு அது பெயர். பிறகு வடக்கிலிருந்து கப்பலில் வந்தவர்கள் ககரத்தோடு கொண்டுவந்ததுதான் இன்றிருக்கும் சொல்.

'கப்பலில்' என்று தலைவர் எழுதிக்கொண்டார். 'உரிய ஆவணங்களோடு வந்ததா?'

'கொள்ளைக்காரரோடு வந்தது.'

'ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஆங்கிலத்தில் தங்கியிருந்தும் ஆங்கிலச் சொல் ஆகவில்லையா?'

'மூன்று தலைமுறை கழிந்தாலும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பது நமது வழக்கம் அல்லவா?' என்றார் பேராசிரியர். தலைவர் அந்த நியாயத்தை உடனே ஏற்றுக்கொண்டார்.

அதன் பிறகு பேராசிரியரை நிறுத்த முடியவில்லை. நோர்வே, சுவீடன், டென்மார்க்கில் பெண்ணைக் கொடுப்பதால் கலியாணம் என்ற பொருள் வந்தது. ஐஸ்லாந்தில் இதே வடிவம் கலியாணமான பெண்ணை மட்டும் குறிக்கும், ஆணுக்குச் சொல்லின் கடைசியில் வேறு வால் முளைக்கும். கிரேக்க வைத்தியர்கள் மருந்தின் அளவைக் 'கொடுத்தது' என்றார்கள், வடக்கே அதை மொழிபெயர்த்தபோது மருந்து நஞ்சாகிவிட்டது. ஜெர்மனியில் பரிசு என்ற பழைய பொருள் செத்தே போய்விட்டது. ஒரேயொரு இடத்தில் மிஞ்சியிருக்கிறது: பெண்ணோடு கூடக் கொடுத்து அனுப்புவதற்கு அவர்கள் மிற்கிஃப்ற் என்கிறார்கள்.

'சீதனம்' என்று மொழிபெயர்த்தேன். அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கஜந்தி தலையை நிமிர்த்தினாள்.

தலைவர் முடிவுக்கு வந்தார். ஆங்கிலச் சொல் அல்ல என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது. வாழ்த்துக்கள். ஆனால் அதனாலேயே பரிசு என்ற பொருள் விண்ணப்பதாரருக்குக் கிடையாது, அது ஆங்கிலத்தின் பொருள். நன்கொடை தர்மப் பிரிவோடு பிரச்சினையில் இருக்கிறது. மிஞ்சியிருப்பவை இரண்டு. கலியாணமானவள் என்று எழுதுவதானால் ஒரு கணவர் வேண்டும். நஞ்சு என்று எழுதுவதானால் புவாசோன் என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பெரிதாகப் போட்டால் போதும். ஆங்கிலத்தில் பொய்சன் என்று சொன்னாலும் அந்தச் சொல் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியேதான் எழுதப்படுகிறது என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அது ஆங்கிலேயர் எங்களிடம் வாங்கியது, ஆட்சேபம் இல்லை என்றார் தலைவர்.

'விண்ணப்பதாரர் தெரிவு செய்யலாம். கணவருக்கு மூன்று மாதம் வரை அவகாசம் தர ஆணையம் தயாராக உள்ளது.'

கஜந்தி எழுந்து நின்றாள். அவள் நிற்கத் தேவையில்லை என்று சொன்னேன். கேட்கவில்லை.

'அண்ணை, நான் சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கோ. இந்த ஆக்கள் மூண்டு மாசமாத் தேடுற சொல் எங்களிட்ட இருக்கு. குடுக்கிறது. பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் குடுக்கிறம். கோயிலுக்குக் குடுக்கிறம். பொம்பிளை குடுக்கிறம். நஞ்சும் குடுக்கிறம். எல்லாத்துக்கும் ஒரே சொல்லுத்தான், ஒருத்தருக்கும் குழப்பம் வாறதில்லை.'

நான் சொன்னேன். அதைப் பிரெஞ்சில் சொல்லும்போதுதான் கவனித்தேன், அவர்களுடைய மொழியிலும் நான்குக்கும் ஒரே வினைச்சொல் பொருந்தியது. பேராசிரியர் பேனாவை எடுத்தார். தமிழ் வட ஐரோப்பிய மொழி அல்லாததால் இந்தச் சாட்சியம் செல்லாது என்றார் தலைவர்.

கஜந்தி நிறுத்தவில்லை. 'என்னையும் என்ர வீட்டாக்கள் குடுத்தவை. இருபத்தொரு வயசில, ரெலிபோனில பேசி, போட்டோ பார்த்து. சீதனமும் கூடக் குடுத்துத்தான் பிளேன் ஏத்தினவை. பதினொரு வருசம் அந்த மனிசனோட இருந்தன். அந்த வீட்டில நான் என்னத்தைக் குடிச்சன் எண்டு எனக்குத் தெரியும். இந்தக் கடை ஒருத்தரும் குடுக்காமல் நானா எடுத்தது. கலியாணம் எண்டு இனி என்ர பேருக்குப் பக்கத்தில ஒருத்தரும் எழுத ஏலாது. நஞ்சு எண்டே போடுங்கோ.'

கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகத்தான் இருபது வருடம் சத்தியம் செய்து வந்திருக்கிறேன். அன்றைக்கு என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. நான் முடித்தபோது மதாம் த்ரூவான் கோப்பை மூடிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் பதிவாளர் பக்கம் திரும்பினார். 'விண்ணப்பதாரர் நஞ்சைத் தெரிவு செய்கிறார். பதியவும்.'

பதிவாளர் புதிய படிவம் ஒன்றை எடுத்தார். பெயர், முகவரி, கடையின் நீள அகலம் எல்லாம் கேட்டு நிரப்பினார். கடைசிக் கேள்வியை வாசித்தார்.

'நஞ்சுத் துறையில் முன் அனுபவம் உண்டா? இருந்தால் எத்தனை வருடம்?'

நான் மொழிபெயர்த்தேன். கஜந்தி கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

'பதினொரு வருசம்' என்றாள்.

பத்து வருடத்துக்கு மேல் என்றால் பரீட்சை எழுதத் தேவையில்லை என்று சொல்லி, பதிவாளர் முத்திரையைக் குத்தினார்.